கல்லாவில் இருப்பது யார் பணம்? பல் கிளினிக் கணக்கு: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையத்தில் 19 வருடமாக ஒற்றை நாற்காலி கிளினிக் நடத்துகிறேன். இளம் டாக்டர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பல்லடம்: தினமும் பேஷன்ட் வருகிறார்கள். மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லையே?

வீட்டுக்குப் பால் காசு எங்கிருந்து எடுக்கிறீர்கள்? கல்லாவிலிருந்து என்றால் சிக்கல் அங்கேதான். நானும் ஏழு வருடம் அப்படி எடுத்தவன். பல்லுக்குக் கேப் செய்து தரும் லேபின் மூன்று மாத பில் ஒன்றாக வந்து நின்றபோது மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

கேப் போட 5,000 வாங்கி, லேபுக்கு 1,500 போகிறது என்றால் அந்த 1,500 நம் பணம் இல்லை. அன்றே பழுப்புக் கவரில் போட்டு, மேலே பேஷன்ட் பெயரைப் பென்சிலில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். இப்போது அதற்குத் தனி வங்கிக் கணக்கு. எனக்கும் மாதம் 1ஆம் தேதி சம்பளம், ஒரே தொகை. இந்த இரண்டையும் மூன்று மாதம் செய்து பாருங்கள்.

பெருந்துறை: எதிர்க் கிளினிக்கில் கிளீனிங்குக்கு 500தான். நானும் குறைக்கலாமா?

உங்கள் நாற்காலிக்கு ஒரு மணி நேரம் என்ன செலவாகிறது என்று தெரியாமல் குறைக்காதீர்கள். வாடகை, சம்பளம், கரண்ட், இஎம்ஐ எல்லாம் மாதம் 90,000 என்று வைப்போம். 25 நாள், தினம் ஆறு மணி நேரம், மணிக்கு 600. ஆனால் நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பது மூன்று மணி நேரம்தான் என்றால் அதுவே 1,200. முக்கால் மணி நேர கிளீனிங்குக்கு 900 செலவு. 500 வாங்கினால் கைக்காசுதான் போகும். காலி நேரத்தை நிரப்பும் வழியை முதலில் பாருங்கள்.

பொள்ளாச்சி: வந்து போகும் கன்சல்டன்ட்டுக்கு (சிறப்பு டாக்டருக்கு) எதில் சதவீதம் கணக்கிடுவது?

லேப், மெட்டீரியல் கழித்த மீதியில். முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

தாராபுரம்: கணவரின் கிளினிக் கணக்கை நான் பார்க்கிறேன். வரி, ஜிஎஸ்டி எப்படி?

வருட வரவு 50 லட்சத்துக்குள் என்றால் (ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்லும் முறையில் பாதியை வருமானமாகக் காட்டலாம். அப்புறம் லேப் பில், வாடகையைத் தனியாகக் கழிக்க முடியாது. நிஜச் செலவு பாதிக்கு மேல் என்றால் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். இந்த முறையில் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) முழுவதும் மார்ச் 15க்குள் கட்ட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனாலேயே பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்காது. விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

திருப்பூர்: பனியன் கம்பெனி ஆட்கள் ரூட் கேனாலைப் பாதியில் விட்டுப் போகிறார்கள். பாக்கியும் நிற்கிறது.

வாரச் சம்பளக்காரரிடம் மொத்தத் தொகையைச் சொன்னால் மலைத்துப் போவார். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் பிரித்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலமோ ஞாயிறோ நேரம் கொடுங்கள். வராதவருக்குப் போன் செய்யும்போது பாக்கியை எடுக்காதீர்கள். "வெச்ச அடைப்பு விழுந்துருச்சுங்களா?" என்று கேளுங்கள். பணத்துக்குப் பயந்து ஒதுங்கியவர் அதற்கு வருவார்.