வண்டலில் டீசல் வாசனை: கப்பல் எண்ணெயா, வெந்நீரின் வேலையா?

கேள்வி: கடலடி வெந்நீர் ஊற்றுக்கு அருகே எடுத்த வண்டலில் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்கள் தெரிகின்றன, டீசல் வாசனையும் அடிக்கிறது. கப்பல் எண்ணெய் கலந்துவிட்டதா, அங்கேயே உருவானதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மாதிரி கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கலிஃபோர்னியா வளைகுடாவில் சுமார் 2000 மீட்டர் ஆழத்திலுள்ள குவாய்மாஸ் படுகையின் வண்டல் இயல்பாகவே இப்படித்தான் மணக்கும். அங்கே கடலடி விரியும்போது எழும் மாக்மா, டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் எச்சங்கள் குவிந்த தடித்த வண்டலுக்குள் புகுந்து உறைகிறது. அதன் சூட்டில் கரிமப் பொருள் உடைந்து எண்ணெயாகிறது, 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய நீர் அதை மேலே கொண்டுவருகிறது. வழக்கமான எண்ணெய் வயலில் 60 முதல் 150 டிகிரியில் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கிற வேலை இங்கே சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுகிறது.

அந்த அவசரத்தின் தடயத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும். அல்கேன் (சங்கிலி வடிவ ஹைட்ரோகார்பன்) வரிசையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தாவர மெழுகுக்கே உரிய, ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் கொண்ட அல்கேன்களின் மிகுதி சூட்டில் மறைந்துவிடும், ஆனால் கப்பல் எண்ணெயிலும் அது இருக்காது. உயிரினக் கொழுப்புகளின் எச்சமான ஸ்டீரேன், ஹோப்பேன் சேர்மங்களின் ஐசோமர்களைப் (ஒரே அணுக்கள், வேறு அமைப்பு) பாருங்கள்; சூடேற ஏற அவை முதிராத வடிவிலிருந்து முதிர்ந்த வடிவுக்கு மாறும். நன்கு முதிர்ந்தவையும் முதிராதவையும் ஒரே மாதிரியில் கலந்திருந்தால் வெந்நீர்மீது சந்தேகம் வலுக்கும். அதிக வெப்பத்தில் உருவாகும் பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்களில், பக்கச் சங்கிலி இல்லாதவை மேலோங்கியிருப்பதும் அதே பக்கம்தான் கைகாட்டும். ஆனால் எரிபொருள் புகைக்கரியிலும் அப்படி வரும், ஆகவே அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

என் பார்வையில் மிக உறுதியான சோதனை, காலப்போக்கில் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14. பெட்ரோலிய டீசலில் அது அறவே இருக்காது. இளம் வண்டலில் பிறந்த எண்ணெயில் இருக்கும். குவாய்மாஸ் எண்ணெய்க்குச் சில ஆயிரம் ஆண்டு வயதுதான் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: 50,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆழ்வண்டலிலிருந்து வந்த எண்ணெயிலும் கார்பன்-14 இருக்காது. எனவே இருந்தால் அது சாட்சி, இல்லாவிட்டால் எதையும் நிரூபிக்காது.

துளை நீரையும் (வண்டல் துகள்களுக்கு இடையிலுள்ள நீர்) அளந்துவிடுங்கள். வண்டல் சூடேறியிருந்தால் அம்மோனியமும் அசிட்டேட்டும் கூடியிருக்கும். கப்பல் எண்ணெய் அப்படிச் செய்யாது. அப்புறம், வெற்று மாதிரி (வண்டல் சேர்க்காத மாதிரி) ஒன்றையும் கப்பலின் மசகெண்ணெய், டீசல் மாதிரிகளையும் சேர்த்தே ஒப்பிடுவதற்காகப் பகுப்பாய்வு செய்யுங்கள். வண்டலை எடுத்த உடனே உறையவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் அல்கேன்களை முதலில் தின்றுவிடும்.