டிப்ளமோ முடித்தவர் ஸ்ரீசிட்டியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகலாமா, கும்மிடிப்பூண்டியில் அப்ரண்டிஸாகச் சேரலாமா?

நீங்கள் தமிழ்நாட்டு எல்லையோர மாதர்பாக்கத்துக்காரர், இந்த ஆண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில், தடா அருகே இருக்கும் ஸ்ரீசிட்டி தொழில் நகரில் ஒரு கைபேசி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஏஜென்சி மூலம் லைன் ஆபரேட்டர் வேலை, மாதம் 18,000 ரூபாய் என்கிறார்கள். இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் (பராமரிப்பு) பிரிவில் அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) இடம், உதவித்தொகை 11,000 ரூபாய். எதில் சேர்வது, இரண்டிலும் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் கடன் நெருக்கடி இல்லையென்றால் 11,000 ரூபாய்க்கே போங்கள் என்பது என் பதில். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஆரம்பாக்கத்தில் வசிக்கிறேன். தடாவைத் தாண்டி இருக்கும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் நிரந்தரப் பணியாளனாக இருக்கிறேன். தொடக்கத்தில் நானும் ஏஜென்சி அடையாள அட்டையோடுதான் கேட்டுக்குள் நுழைந்தேன். புதிதாக வருபவர்களுக்கு வேலை பழக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் இருப்பதால், யார் தங்குகிறார்கள், யார் போகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்க முடிகிறது.

முதலில் அந்த 18,000 ரூபாயைப் பார்ப்போம். ஏஜென்சிக்காரர்கள் சொல்லும் தொகை பெரும்பாலும் நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகைதான். உங்கள் கைக்கு வருவது அதுவன்று. ஓர் எடுத்துக்காட்டாக, மாத மொத்த ஊதியம் 16,000 என்றும், அதில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கிடப்படும் பகுதி 12,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி தரப்புப் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய். இவற்றைக் கூட்டினால் 17,960 ரூபாய் ஆகிறது. அதுதான் வாய்வழியில் 18,000 ஆகிவிடுகிறது. இனி உங்கள் பக்கத்துப் பிடித்தங்கள்: பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமாக 120, ஆந்திர அரசின் தொழில் வரி 150. மிச்சம் 14,290 ரூபாய். இதிலிருந்து கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது 18,000க்கும் 11,000க்கும் இடையிலான வித்தியாசத்தை அல்ல. சுமார் 14,000க்கும் 11,000க்கும் இடையிலான வித்தியாசத்தை. பி.எஃப். பணம் உங்களுடையதுதான், எங்கும் போய்விடாது. ஆனால் இந்த மாத மளிகைக் கடனுக்கு அது உதவாது. சேருவதற்கு முன் ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி 'சம்பளம் எவ்வளவு' என்பதல்ல. 'பிடித்தமெல்லாம் போக வங்கியில் எவ்வளவு ஏறும்' என்பதுதான். அதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, நீங்கள் யாருடைய ஆள் என்ற கேள்வி. தொழிற்சாலைப் பெயர் போட்ட சட்டையைத்தான் போடுவீர்கள். ஆனால் உங்கள் பெயர் இருப்பது ஏஜென்சியின் பதிவேட்டில். உற்பத்தி ஆர்டர் குறையும் மாதத்தில் தொழிற்சாலை யாரையும் வேலையை விட்டு நீக்காது. 'ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். மறுநாள் காலை சிலருடைய அட்டை கேட்டில் வேலை செய்யாது. கைபேசி சார்ந்த தொழிலில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். பண்டிகைக் காலத்துக்கு முன் ஆட்களை அள்ளிக்கொண்டு வருவார்கள், தை பிறந்ததும் விடுவார்கள். சம்பளம் தராமல் ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் அதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளியுடையது, அதாவது தொழிற்சாலையுடையது என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் வேலை நீடிக்கும் என்று எந்தச் சட்டமும் உங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்தவரை, லைனில் சேரும் பையன்களில் பலர் இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு கேட்டில் நிற்கிறார்கள். வேலை செய்யாததால் அல்ல. அந்த லைன் அவர்களை அதற்கு மேல் வைத்துக்கொள்ளும்படி அமைக்கப்படவே இல்லை.

மெயின்டனன்ஸ் என்று கேட்டதும் நான் ஏன் சாய்கிறேன் என்று கேட்கலாம். ஓர் இரவு ஷிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குத் தொடங்கிய ஷிப்டில் மூன்று மணி சுமாருக்குக் கன்வேயர் நிற்கிறது. லைனில் இருப்பவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அது ஓய்வு. டெக்னீஷியன் டார்ச்சோடு கீழே குனிகிறார். பக்கத்தில் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு அப்ரண்டிஸ் நிற்கிறான். மோட்டார் நன்றாக இருக்கிறது, டிரைவில் பிழைக்குறி இல்லை, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. பெட்டியில் ஓர் இன்புட் விளக்கு மட்டும் எரியவில்லை. கடைசியில் பார்த்தால் பொருள் அருகில் வருவதை உணரும் பிராக்ஸிமிட்டி சென்சாரின் முன்னால் எண்ணெய்ப் பிசுக்கோடு இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறது. அல்லது அதன் கம்பி அசைந்து அசைந்து உள்ளே அறுந்திருக்கிறது. இருபது நிமிடத்தில் லைன் ஓடுகிறது. அந்த இருபது நிமிடத்தில் அந்தப் பையன் கற்றுக்கொண்டது எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அவனோடு போகும். லைனில் இருப்பவன் அன்று இரவு ஒரே திருகை ஆயிரம் முறை முடுக்கியிருப்பான். உழைப்பில் அவன் எந்த வகையிலும் குறைந்தவன் அல்லன். ஆனால் அடுத்த நேர்முகத்தில் 'என்ன தெரியும்' என்று கேட்டால் சொல்ல அவனிடம் ஒரே ஒரு ஸ்டேஷனின் பெயர்தான் இருக்கும். மூன்று ஆண்டு டிப்ளமோ படிப்பு அங்கே எதற்கும் பயன்படாமல் கிடக்கும்.

அப்ரண்டிஸ் என்றால் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது, வேலையின்போது அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு மட்டும் நிறுவனத்துக்கு உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019இல் திருத்திய விதிகளின்படி டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. அப்படிப் பார்த்தால் குறைந்த செலவில் ஆள் கிடைக்கிறது என்பதற்காகவே அப்ரண்டிஸ் எடுத்து, பாடம் எதுவும் சொல்லித் தராமல் பேக்கிங்கில் நிறுத்தும் நிறுவனங்களும் சிப்காட்டில் உண்டு என்பதில் வியப்பில்லை. உங்களுக்குக் குறிப்பாக மெயின்டனன்ஸ் பிரிவு என்று சொல்லியிருப்பதும், உதவித்தொகை குறைந்தபட்சத்தைவிட அதிகமாக இருப்பதும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன. வார்ப்புத் தொழிற்சாலையில் வெப்பமும் தூசியும் அதிகம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகும், கற்றுக்கொள்ள வருபவனுக்கு அதுவே வசதி.

பயிற்சி முடிந்ததும் கிடைக்கும் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. டிப்ளமோ, பட்டப் படிப்பு அப்ரண்டிஸ்களுக்குத் தென்மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவாக சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்தான் அதை வழங்குகிறது. தமிழ்நாட்டில் பயிற்சி பெற்றாலும் ஆந்திராவில் பெற்றாலும் வாரியம் ஒன்றே. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயம் அன்று. ஒரே ஓர் எச்சரிக்கை: ஒருமுறை அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவரை மறுபடி எடுக்கமாட்டார்கள். சூலூர்ப்பேட்டைக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்திலும் அப்ரண்டிஸ் எடுப்பதுண்டு. உங்கள் மதிப்பெண் அதற்குப் போதுமானது என்று நினைத்தால், அந்த ஒரு வாய்ப்பை எங்கே செலவிடுவது என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லை என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் ஆந்திர அரசு, தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலைகளை அந்த மாநிலத்தவருக்கே தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஹரியானாவின் இதே போன்ற சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நீதிமன்றத்தில் எது நின்றாலும், நேர்முக அறையில் மனிதவளப் பிரிவுக்காரர் உங்கள் ஆதாரில் உள்ள முகவரியைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார். ஏஜென்சி ஆளாகச் சேரும்போது இதைப் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். நிறுவனத்தின் நேரடிப் பணியாளராக மாற்றும் கட்டத்தில்தான் கேட்பார்கள். 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. இன்றைக்கும் சத்தியவேட்டில் தமிழ் பேசும் வீட்டுப் பையன் ஸ்ரீசிட்டியில் உள்ளூர்க்காரன். ஒரு பஸ் தூரத்தில் மாதர்பாக்கத்தில் இருக்கும் நீங்கள் வெளிமாநிலத்தவர். தடாவில் உறவினர் வீட்டு முகவரிக்கு ஆதாரை மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கிட்டே சேர்க்காதீர்கள். நாளைக்குத் தமிழ்நாட்டு அரசு வேலைக்கோ, தங்கையின் கல்லூரி உதவித்தொகைக்கோ இருப்பிடச் சான்று கேட்கும்போது சிக்கல் உங்களுக்குத்தான், அவருக்கு அல்ல.

அதே எல்லை உங்களுக்கு ஒரு சாதகத்தையும் தருகிறது. சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டுப் பழகிய தெலுங்கு உங்களிடம் இருக்கும். இங்கே சூப்பர்வைசர் தெலுங்கர், மெயின்டனன்ஸ் ஆட்கள் பாதிப் பேர் தமிழர், லைனில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். மூன்று தரப்புக்கும் நடுவில் நின்று பேசத் தெரிந்தவனைத்தான் முதலில் லைன் லீடராக்குகிறார்கள். படிப்பில் அவனைவிடக் கெட்டிக்காரன் பக்கத்தில் நிற்பான். அப்ரண்டிஸ் ஆண்டில் கொஞ்சம் இந்தியும் பழகிக்கொண்டால் நல்லது. பயிற்சி முடிந்த பிறகு ஸ்ரீசிட்டிக்கே வரலாம். டிரக்கும் மெட்ரோ ரயில் பெட்டியும் ஏசியும் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் மெயின்டனன்ஸ், தர ஆய்வு, டூல் ரூம் வேலைகளுக்கு ஓராண்டு அனுபவம் உள்ளவரையும் இப்போதுதான் படிப்பு முடித்தவரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கமாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், வீட்டு நிலைமை காரணமாக அந்த 3,000 ரூபாய் வித்தியாசம் உங்களுக்குப் பெரிது என்றால் ஸ்ரீசிட்டிக்கே போங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. போகும்போது அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் ஒருவருக்கு ஒன்றுதான். ஏஜென்சி மாறும்போது சோம்பலில் புதிய எண் போட்டுவிடுவார்கள், பழைய எண்ணையே தொடரச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால ஊதியம் கிடைக்க, அதற்குரிய முந்தைய அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்திருக்க வேண்டும். எண் இரண்டாகப் பிரிந்தால் அந்தக் கணக்கு உதைக்கும். உள்ளே போன சில மாதங்களில் தர ஆய்வுப் பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற அளவுக் கருவிகளைப் பிடிக்கத் தெரிந்த டிப்ளமோக்காரருக்கு அந்த வழி சில இடங்களில் திறக்கும். கைபேசி அசெம்பிளி லைன்களில் பெண்கள்தான் அதிகம் என்பதால் ஆண்களைப் பெரும்பாலும் பொருள் ஏற்றி இறக்கும் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். எந்த ஸ்டேஷன் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்ன நிபந்தனை இதுதான். கும்மிடிப்பூண்டியில் சேரும் முன், உங்கள் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் மத்திய அரசின் இணையதளத்தில் உங்கள் பெயரில் பதிவாகிறதா, அதில் பயிற்சிக் காலமும் உதவித்தொகையும் சரியாக இருக்கின்றனவா என்று உங்கள் கணக்கில் நுழைந்து நீங்களே பாருங்கள். 'பிறகு போட்டுக்கொள்ளலாம், முதலில் வேலையைத் தொடங்குங்கள்' என்றால், அது பெயருக்குத்தான் அப்ரண்டிஸ். சான்றிதழும் வராது, பி.எஃப்.பும் வராது. அப்படியானால் யோசிக்க வேண்டாம், ஸ்ரீசிட்டி பஸ்ஸில் ஏறுங்கள்.