பாடிப் போய்த் திரும்பு: வான்சண்டை கேள்வி – பதில்

இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டை ஆட்டங்களில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போல வளைந்து திரும்பும் விமானம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைத்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் ஆன்லைனில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஓட்டுகிறவர்களிடம் தினமும் அடி வாங்குகிறேன். என்ன தப்பு செய்கிறேன்?
– கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, நான் பத்தொன்பது வயது வரை எங்கள் ஊர்க் கோயில் திடலில் சடுகுடு ஆடியவன். பாடிப் போகிறவன் எதிராளியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கேயே கட்டிப் புரண்டால் எப்பேர்ப்பட்ட பயில்வானும் மூச்சு முடிந்ததும் அவுட். நீங்கள் ஸ்பிட்ஃபயரில் செய்துகொண்டிருப்பது கட்டிப் புரள்வது. 109-காரன் செய்வது பாடிப் போவது. மேலிருந்து சரிந்து வருகிறான், ஒரு செகண்ட் சுடுகிறான், வந்த வேகத்திலேயே மேலே ஏறிவிடுகிறான். நீங்கள் ஸ்டிக்கை இழுத்து மூக்கைத் திருப்புவதற்குள் அவன் கோட்டைத் தாண்டியாயிற்று. இழுத்த இழுப்பில் உங்கள் வேகம் கரைந்ததுதான் மிச்சம். அடுத்த பாட்டுக்கு அவன் வரும்போது நீங்கள் இன்னும் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

விமானத்தின் மூச்சு என்பது வேகமும் உயரமும் சேர்ந்தது. ஆட்டக்காரர்கள் எனர்ஜி என்பார்கள். இதைக் கணக்காகவே போடலாம். மணிக்கு 360 கிலோமீட்டரில் போகும் விமானம் அந்த வேகம் மொத்தத்தையும் உயரமாக மாற்றினால் சுமார் 510 மீட்டர் கிடைக்கும். 540-ல் போனால் கிட்டத்தட்ட 1,150 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் உயரக் கணக்கு இரண்டேகால் மடங்கு ஏறுகிறது. இப்போது நீங்கள் 3,000 மீட்டரில் 360-ல் பறக்கிறீர்கள். அவன் 2,400 மீட்டரில் 540-ல் வருகிறான். நாம்தானே மேலே இருக்கிறோம் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு 3,510, அவனுக்கு 3,550. கீழே இருப்பவனுக்குத்தான் மூச்சு ஒரு பிடி அதிகம்! பாதிப் பேர் சாவது இந்த இடத்தில்தான்.

போர் விமானங்களுக்கு இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுக் காட்டியவர் ஜான் பாய்ட். அமெரிக்க விமானப்படைக்காரர். தாமஸ் கிறிஸ்டி என்ற கணித நிபுணரோடு சேர்ந்து 1960-களில் செய்தார். எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு வளைந்தால் எந்த விமானம் எவ்வளவு சீக்கிரம் மூச்சை இழக்கிறது என்று வரைபடமாகவே போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னும் விமானிகளுக்கு இது தெரியும். ஆனால் உடம்பில் தெரிந்ததே தவிர காகிதத்தில் இல்லை.

அப்படியானால் ஸ்பிட்ஃபயரின் வளைவு வீண்தானா? இல்லை. அவன் மேலிருந்து விழுந்து வரும்போது கடைசி நேரத்தில், அவன் சுடப் போகிற கணத்தில், ஒரு வெட்டு வெட்டித் திரும்புங்கள். அவன் 540-ல் வருகிறான். நீங்கள் 360-ல். இரண்டு பேரும் 4 ஜி (புவியீர்ப்பைப் போல நாலு மடங்கு விசை) இழுத்தாலும் உங்கள் வட்டத்தின் ஆரம் சுமார் 260 மீட்டர், அவனுடையது 590. உங்களுக்குள் வர அவனால் முடியாது. முக்கியமானது அதற்கு அடுத்த நொடி. அவன் தாண்டிப் போனதும் ஸ்டிக்கைத் தளர்த்தி விமானத்தை நேராக்கி வேகம் சேருங்கள். அவன் பின்னால் வாலைத் துரத்திக்கொண்டு ஏறாதீர்கள். நாலு தடவை வந்தும் தொட முடியவில்லை என்றால் அவனுக்கு ஆத்திரம் வரும். ஐந்தாம் தடவை அவனே வளைந்து சண்டைக்கு நிற்பான். அப்போது வைத்துக்கொள்ளுங்கள் உங்கள் கட்டிப்புரளலை.

ஜாய்ஸ்டிக் கட்டாயம் வேண்டுமா? எத்தனை ரூபாய்க்கு வாங்குவது?
– வாசகர், ஓசூர்

மவுஸால் ஓட்ட விடும் ஆட்டங்களும் உண்டு. வார் தண்டரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஐஎல்-2, டிசிஎஸ் போன்ற நிஜத்துக்கு நெருக்கமான ஆட்டங்கள் பக்கம் வந்தால் ஜாய்ஸ்டிக் வேண்டும். பிடியைத் திருகினால் ரட்டர் (வாலில் இருக்கும் சுக்கான்) அசையும் வகையாக, கிடைக்கிற விலையில் ஒன்று போதும். மிச்சப் பணம் இருந்தால் வெப்கேமரா வாங்குங்கள். ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நீங்கள் தலையைத் திருப்பும்போது விமானியின் தலையும் திரும்பும். விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக்கைவிட அதுதான் உங்கள் உயிரைக் காக்கும்.

பின்னாலேயே போகிறேன், குறி சரியாக வைக்கிறேன், குண்டு படுவதில்லை. சர்வர் கோளாறா?
– வாசகி, மதுரை

சர்வர் மேல் பழி போடுவது எங்கள் குழுவிலும் நடக்கும் வழிபாடு. கோளாறு பெரும்பாலும் தூரத்தில் இருக்கும்.

குண்டு நொடிக்கு 750 மீட்டர் போகிறது என்று வைப்போம். எதிரி 300 மீட்டர் தள்ளி உங்கள் பார்வைக்குக் குறுக்கே நொடிக்கு 100 மீட்டரில் போகிறான். குண்டு போய்ச் சேர 0.4 நொடி. அதற்குள் அவன் 40 மீட்டர் நகர்ந்துவிடுவான். ஸ்பிட்ஃபயரின் நீளமே 9 மீட்டர்தான். ஆகவே அவன் மூக்குக்கு முன்னால் நாலு விமான நீளம் விட்டுச் சுட வேண்டும். நீங்கள் அவன் மேலேயே குறி வைத்துச் சுடுகிறீர்கள், குண்டு அவன் வாலுக்குப் பின்னால் காலியான ஆகாயத்தில் போகிறது.

இரண்டாவது, இறக்கைத் துப்பாக்கிகள். அவை உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் எல்லாக் குண்டுகளும் ஒன்று கூடும். 1940-ல் பிரிட்டிஷ் விமானிகள் பலர் அந்தத் தூரத்தை 400 கெஜத்திலிருந்து 250 கெஜமாகக் குறைத்துக்கொண்டார்கள். ஆட்டத்திலும் அதை மாற்றலாம். நான் 200 மீட்டர் வைத்திருக்கிறேன். எதிரி கண்ணாடியை அடைத்துக்கொண்டு தெரியும்வரை விரலை விசையில் வைக்கவே மாட்டேன். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் எட்டுத் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 300 குண்டு. விடாமல் அழுத்தினால் 15 நொடிக்குச் சற்றுக் கூட வரும், அவ்வளவுதான். தொலைவில் மிளகாய்ப் பொடி தூவுவது போலத் தூவினால் கிட்டே போகும்போது கை காலி.

1942-ல் கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டபோது இங்கிருந்த பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் மோசமாக அடி வாங்கியதாக அப்பப்பா சொல்வார். பிரிட்டனில் ஜெர்மன்காரரை அடித்த விமானம் இங்கே ஏன் தோற்றது?
– வாசகர், வெள்ளவத்தை

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. முந்தின நாளே ஒரு கேட்டலினா ரோந்து விமானம் ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் பார்த்துச் செய்தி அனுப்பிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலை ரத்மலானையில் ஹரிக்கேன்கள் ஓடுபாதையிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். மேலே நான் சொன்ன கணக்கில், கிளம்பும் விமானத்தின் மூச்சு பூஜ்யம். உயரமும் இல்லை, வேகமும் இல்லை. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையும் விமானத் தளமாக மாற்றியிருந்தார்கள். அது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து கிளம்பியவர்களுக்காவது கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

உங்கள் கேள்வியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஹரிக்கேன் 109-ஐவிட இறுக்கமாகத் திரும்பும். ஆகவே 'வளைந்து சண்டை போடு' என்பது பிரிட்டனில் சரியான பாடம். இங்கே எதிரே வந்தது ஜப்பானின் ஜீரோ விமானம். அது ஹரிக்கேனையே தன் வட்டத்துக்குள் போட்டுச் சுற்றும். விமானமும் விமானியும் மாறவில்லை, எதிராளி மாறிவிட்டான். நேற்று வரை உயிரைக் காத்த பழக்கம் இன்றைக்கு உயிரை வாங்கிவிட்டது. ஆன்லைனில் விமானம் தேர்ந்தெடுக்கும்போது 'என்னுடையது நன்றாகத் திரும்புமா' என்று கேட்காதீர்கள். 'எதிரே நிற்பதைவிட நன்றாகத் திரும்புமா' என்று கேளுங்கள்.

ஜீரோவுக்கும் பலவீனம் உண்டு. அதே ஆண்டு ஜூனில் அலாஸ்காவின் அக்குட்டான் தீவில் சதுப்பு நிலத்தில் ஒரு ஜீரோ இறங்கப் போய்க் கவிழ்ந்தது. அமெரிக்கர்கள் அதைத் தூக்கி வந்து சான் டியேகோவில் பழுது பார்த்துப் பறக்கவிட்டார்கள். வேகம் ஏறினால் அதன் பக்கவாட்டுக் கட்டுப்பாடு கல்லாக இறுகுகிறது, மூக்கை வெடுக்கென்று கீழே தள்ளினால் எஞ்சின் விக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே ஜீரோ வாலில் இருந்தால் மூக்கைக் கீழே தள்ளிச் சரிந்து, வேகம் ஏறியதும் வலது பக்கம் புரளுங்கள். வலப்புறம்தான் அதற்கு இன்னும் கஷ்டம்.

யார் சுட்டது என்றே தெரியாமல் செத்துப்போகிறேன்.
– வாசகர், ஈரோடு

அப்படித்தான் எல்லோரும் சாகிறோம். நிஜப் போரிலும் சுடப்பட்டவர்களில் நிறையப் பேர் சுட்டவனைப் பார்த்ததே இல்லை.

2007-ல் நான் ஐஎல்-2 ஆடத் தொடங்கிய புதிது. ஒரு குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். ஹெட்செட்டில் டொரண்டோவிலிருந்து ஆடும் யாழ்ப்பாணத்துப் பையன் நிதானமாகச் சொன்னான்: "அண்ணை, உங்கட வாலுக்குப் பின்னால ஒருத்தன் கனநேரமா நிக்கிறான்." ஏண்டா முதலிலேயே சொல்லவில்லை என்றேன். "நீங்கள் பாத்திருப்பியள் எண்டு நினைச்சன்." அவன் சொல்லி முடிப்பதற்குள் என் இறக்கை தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பத்து நொடிக்கு ஒரு தடவை இடம், வலம், பின்னால், வயிற்றுக்குக் கீழே. கீழே பார்க்க விமானத்தை லேசாகச் சாய்க்க வேண்டும், அதற்குச் சோம்பல்படாதீர்கள். சூரியன் இருக்கும் பக்கத்தைக் கூடுதலாகப் பாருங்கள். ஜெர்மானியர் ஆஸ்வால்ட் பெல்கே 1916-ல் எழுதி வைத்த விதிகளில் முதல் விதியே சூரியனை முதுகுக்கு வைத்துக்கொள் என்பதுதான். எதிரியும் அதைப் படித்திருப்பான்.

நாங்கள் இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஆடுகிறோம். சேர்ந்து போனாலும் தனித்தனியாகத்தான் சாகிறோம்.
– வாசகர்கள், திருச்சி

இரண்டு பேரும் ஒரே எதிரியின் பின்னால் ஓடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மேலே சொன்ன பெல்கே தன் விதிகளில் ஒருவன் மேல் பலர் பாயாதீர்கள் என்றும் எழுதியிருந்தார். அதே 1916, அக்டோபர் 28-ல் ஒரே எதிரியைத் துரத்தும்போது தன் அணியைச் சேர்ந்தவரின் விமானத்தோடு உரசித்தான் அவர் விழுந்து இறந்தார்.

உங்களுக்கு வேண்டியது தாச் நெசவு. 1941-ல் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச், ஜீரோ தம் வைல்ட்கேட் விமானத்தைவிட வேகம், வளைவு, ஏற்றம் எல்லாவற்றிலும் மேல் என்று கேள்விப்பட்டு, வீட்டுச் சமையலறை மேசையில் தீக்குச்சிகளை அடுக்கி அடுக்கிக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் மிட்வே சண்டையில் ஆறே ஆறு வைல்ட்கேட்டுகளோடு போனபோது அதுதான் கை கொடுத்தது.

நீங்களும் நாலு தீக்குச்சி எடுங்கள். இரண்டு குச்சி பக்கத்தில் பக்கத்தில், இடையில் ஒரு விமானம் முழுதாகத் திரும்பும் அளவு இடைவெளி. நீங்கள் நண்பரின் வாலைப் பார்க்க வேண்டும், அவர் உங்கள் வாலை. நண்பரின் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டால் நீங்கள் அவரை நோக்கித் திரும்புங்கள். பேசக்கூட வேண்டாம், நீங்கள் திரும்புவதே அவருக்குச் செய்தி. அவரும் உங்களை நோக்கித் திரும்புவார். அவரைத் துரத்துகிறவன் நேராக உங்கள் துப்பாக்கி முன்னால் வந்து நிற்பான். அவன் சுடாமல் விலகினாலும் லாபம்தான். கடந்து போய் மறுபடி திரும்பி மறுபடி கடந்தால் நெசவு. எங்கள் வீட்டில் இதற்காக ஒரு தீப்பெட்டி தனியாகவே கணினி மேசையில் இருக்கிறது. அடுப்புக்கு வேறு பெட்டி.

திடீரென்று விமானம் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு விழுகிறது. எப்படி நிறுத்துவது?
– பள்ளி மாணவி, கோவை

ஸ்டிக்கை அளவுக்கு மீறி இழுத்தால் இறக்கையில் காற்று ஒட்டாது, ஒரு பக்கம் முதலில் சாயும், சுழற்சி தொடங்கும். த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தை) முழுக்கக் குறை. ஸ்டிக்கைப் பக்கவாட்டில் ஆட்டாமல் நடுவில் வை. சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் ரட்டரை முழுசாக மிதி, அப்புறம் ஸ்டிக்கை முன்னால் தள்ளு. சுற்று நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து மெதுவாக மூக்கை எடு. அவசரப்பட்டு இழுத்தால் மறுபடி சுற்றும்.

இதற்கெல்லாம் உயரம் வேண்டும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே சுற்ற ஆரம்பித்தால் ஐஎல்-2-ல் கண்ட்ரோல், ஈ விசைகள் இரண்டையும் சேர்த்து அழுத்திக் குதித்துவிடு. டிசிஎஸ் என்றால் மூன்று தடவை அழுத்த வேண்டும்.