நாற்பது பக்கத்தில் நின்றுபோன நாவல்

கேள்வி: களியக்காவிளையிலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ வாசிக்கிறேன், தமிழில்தான். மதுக்கடையில் ஒருவர் புலம்பும் இடத்திலேயே இரண்டு முறை நின்றுவிட்டேன். பெயர்களும் குழப்புகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அந்த மர்மலாதோவின் புலம்பலைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அவருடைய மகள் சோனியாவை நாம் முதலில் அறிவது அவர் வாயால்தான். பின்பாதி முழுக்க அவளை நம்பியே நிற்கிறது. நெரிசலான பஸ்ஸில் அந்த நீண்ட பேச்சைப் பிடிக்க முடியாது. வீட்டில், ஒரே இருப்பில் வாசியுங்கள்.

பெயருக்கு ஒரு துண்டுச்சீட்டு போதும். உங்கள் பக்கம் அலுவலகத்தில் ஒரு பெயர், வீட்டில் ‘மக்களே’ என்பதுபோலத்தான்: ரஸ்கோல்னிகோவ், ரோதியோன் ரொமானோவிச், ரோத்யா மூன்றும் கதாநாயகன் ஒருவரே. தங்கை துன்யாவே அவ்தோத்யா ரொமானோவ்னா. புதுப் பெயர் வந்ததும் உறவோடு எழுதி, புத்தகத்துக்குள்ளேயே செருகி வையுங்கள்.

1866-இல் இது பத்திரிகைத் தொடராக வந்தது. ஆறு பாகம், முடிவுரையோடு 41 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று என்றால் ஆறு வாரம். அதற்குமேல் இழுத்தால் யார் என்ன சொன்னார்கள் என்பது நழுவிவிடும்.

முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் குதிரையை அடித்தே கொல்லும் கனவு வரும். கனவில் சிறுவனாக இருக்கும் ரஸ்கோல்னிகோவ் ஓடிப்போய் அதன் ரத்தம் படிந்த முகத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுவான். அன்று அதோடு மூடிவிடுங்கள். கொலை ஏழாவதில். அதன்பின் வாசிப்பு தானாகவே வேகம் பிடிக்கும்.