சான்றிதழ் இருக்கட்டும், இரவு வார்டில் தாதிகள் எத்தனை பேர்?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்ட மண்டபத்தில் நடந்த அரசியல் கூட்டத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், "அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் தரச் சான்று வாங்கிக்கொண்டிருக்கின்றன, இனிக் கவலை வேண்டாம்" என்றார். அடுத்து வந்த எதிர்க்கட்சிக்காரர், "சான்று வெறும் காகிதம், வார்டில் தாதிகளே இல்லை" என்று சத்தம் போட்டார். யாரை நம்புவது? என் அண்ணன் மகளும் தாதிதான். சிங்கப்பூருக்குப் போய்விடப் போகிறேன் என்கிறாள்.
(ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கியிருக்கிறார்கள். மீதியைச் சொல்லப் போனால் பணக் கணக்கைச் சொல்ல வேண்டிவரும்.

முதலில் சான்று. இங்கே அதைத் தருவது எம்.எஸ்.கியூ.எச். எனப்படும் மலேசிய சுகாதாரத் தரக் கழகம். சுகாதார அமைச்சும் தனியார் மருத்துவமனைகள் சங்கமும் மலேசிய மருத்துவச் சங்கமும் சேர்ந்து 1997இல் தொடங்கியது. மருத்துவமனை தானாக விரும்பி விண்ணப்பிக்கும், கட்டாயமில்லை. ஆய்வாளர்கள் வந்து கோப்புகளைப் புரட்டுவார்கள், மருந்துகள் எப்படிப் பூட்டி வைக்கப்படுகின்றன என்று பார்ப்பார்கள், கிருமித் தொற்றைத் தடுக்கும் முறை, தீ விபத்து ஏற்பாடு எல்லாம் கேட்பார்கள். இவை உயிர் காக்கும் காரியங்கள். ஒருவருக்கு ஏற்ற வேண்டிய ரத்தம் இன்னொருவருக்கு ஏறாமல் தடுப்பது இந்த ஒழுங்குதான். அதை "வெறும் காகிதம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குபவர் பக்கம் நான் நிற்க மாட்டேன்.

ஆனால் இன்றிரவு மூன்றாம் வகுப்பு வார்டுக்கு எத்தனை தாதிகள் வேலைக்கு வருவார்கள் என்பது அந்தக் கழகத்தின் கையில் இல்லை. அரசு மருத்துவமனையில் பணியிடத்துக்கு ஒப்புதல் தருவது பொதுச் சேவைத் துறை. பணம் ஒதுக்குவது நிதி அமைச்சு. ஆளுங்கட்சிக்காரர் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். அதை விட்டுவிட்டு அடுத்தவர் தரும் சான்றைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாநிலத்து அரசு மருத்துவமனையில் என் அத்தைக்குத் துணையாக ஓர் இரவு உட்கார்ந்திருந்தேன். வார்டு நிறைய நோயாளிகள், இரண்டே தாதிகள். ஒருவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகிறார். அட்டையில் பெயர் பார்த்து, கைப்பட்டையில் பெயர் பார்த்து, மாத்திரையை விழுங்கும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். பாதிச் சுற்றில் ஒரு மூலையில் ட்ரிப் மெஷின் கத்துகிறது. இன்னொருவர் அவசரப் பிரிவிலிருந்து அப்போதுதான் வந்த நோயாளியோடு மாட்டிக்கொண்டார். கழிவறைக்குப் போக மணியை அழுத்தி அழுத்திப் பார்த்த பெரியவர் ஒருவர், தானே இறங்கக் காலைத் தொங்கவிட்டார். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் ஓடிப்போய்ப் பிடித்ததால் தப்பினார். அந்தத் தாதிகள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் பெரியவர் விழுந்திருந்தால் விளக்கக் கடிதம் எழுதியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இது ஏதோ ஓர் இரவின் சங்கடம் என்று நினைத்துவிடாதீர்கள். லிண்டா ஐக்கன் என்ற அமெரிக்கத் தாதியியல் பேராசிரியரின் குழு, பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம்தான் வந்தது.

தகுதிப் பட்டத்தை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை சாட்சி. 10 மில்லியன் பவுண்டு மிச்சம் பிடிக்க 150க்கும் மேற்பட்ட பணியிடங்களை வெட்டினார்கள். கணக்கு வழக்கு அழகாகத் தெரிந்தது. 2008இல் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் அமைப்பு, அதை நடத்திய நிர்வாகத்துக்கு 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்ற உயர் தகுதியும் கொடுத்தது. அதே காலத்தில் வார்டுகளில் நோயாளிகள் தண்ணீர் கைக்கெட்டாமல், அசுத்தமான படுக்கையிலேயே கிடந்தார்கள். 2013இல் வெளிவந்த ராபர்ட் ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை இதையெல்லாம் பக்கம் பக்கமாகப் பதிவு செய்திருக்கிறது. படிக்கவே மனம் கனக்கும்.

சட்டம் போட்டால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு கலிபோர்னியாவைக் காட்டுவேன். அங்கே ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற சட்டம் 1999இல் வந்தது, 2004இல் நடைமுறைக்கு வந்தது. சாதாரண வார்டில் ஒரு தாதிக்கு அதிகபட்சம் ஐந்து நோயாளிகள் என்ற கட்டத்துக்கு வந்தபோது, அப்போதைய ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர், ஆமாம், அந்த நடிகர்தான், தள்ளிப்போடப் பார்த்தார். தாதியர் சங்கம் நீதிமன்றம் போய் 2005இல் வென்றது. சட்டம் இன்றும் நிற்கிறது.

நம் நாட்டில் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 1998ஆம் ஆண்டின் 586ஆவது சட்டம் தனியார் மருத்துவமனைகளுக்கு மட்டும்தான். நீங்களும் நானும் ஒரு வெள்ளி கொடுத்து நம்பர் எடுக்கும் அரசு மருத்துவமனை அதற்குள் வராது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சட்டம் கேட்டது என்பதற்காகத் துரைமார் ஆசுபத்திரி கட்டினார்கள். உள்ளே பல இடங்களில் பிரசவம் முதல் பாம்புக்கடி வரை ஒரே டிரெசர்தான், அதாவது மருத்துவ உதவியாளர்தான், பார்த்தார். வெறும் கட்டடம் நம்மைக் காப்பாற்றியதில்லை.

ஆள் போதாத இடத்தில் அரசு முதலில் கை வைத்தது எதில் தெரியுமா? இருக்கிற தாதிகளின் நேரத்தில். வாரத்துக்கு 42 மணி நேரமாக இருந்த ஷிப்ட் வேலையை, 2024 டிசம்பர் 1 முதல் 45 ஆக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு தள்ளிவைத்தார்கள். ஏற்கெனவே களைத்தவரிடம் இன்னும் மூன்று மணி நேரம் பிடுங்குவது ஆள் பற்றாக்குறைக்குத் தீர்வே அல்ல. ஆட்களை விரட்டும் வேலை அது.

உங்கள் அண்ணன் மகளைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிங்கப்பூரும் சவூதியும் நம் தாதிகளுக்குக் கூடுதல் சம்பளம் தருகின்றன. நாட்டுப்பற்றைப் பேசி அவளைக் கட்டிப்போட யாருக்கும் உரிமை இல்லை. இருக்கும்படியான வேலையை இங்கே ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

எதிர்க்கட்சிக்காரரையும் விடாதீர்கள். தாதி இல்லை என்று சத்தம் போடுவது சுலபம். அரசு மருத்துவமனைகளில் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று சட்டம் வர வேண்டும், ஒவ்வொரு வார்டு வாசலிலும் அந்த ஷிப்டின் எண்ணிக்கையைப் பலகையில் எழுத வேண்டும், அதற்கான பணியிடங்களை வரும் பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும். இதை நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கத் தயாரா என்று அவரிடம் கேளுங்கள். ஆளுங்கட்சிக்காரரிடம் அதே கேள்வியை, ஆதரித்து ஓட்டுப் போடுவீர்களா என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதையும் ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே அச்சிடுகிறேன்.