வெள்ளைக் கவசமும் வாசகர் கேள்விகளும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பெட்டியைச் சுற்றியவை. ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் சிப்பாயின் வெள்ளைக் கவசம், வெட்டாத ஒட்டாத துண்டுகளாகக் கிட் வடிவில் கிடைக்கிறது. முதன்முறை அதை வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கிட் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் வாளி மூடி மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். செய்முறைத் தாள் எதுவும் இல்லை. எங்கே தொடங்குவது? – கோயம்புத்தூர் வாசகர்

பெரும்பாலான கிட்களில் தாள் இருக்காது. இதைத் தைத்த சட்டையாக நினைக்காதீர்கள். கடையில் கிழித்துக் கொடுத்த துணி இது, உங்கள் உடம்புக்கு வெட்ட வேண்டியது நீங்கள்தான். ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் படியவைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்த துண்டுகள் இவை. கனம் பொதுவாக 1.5 முதல் 2 மி.மீ. அச்சைச் சுற்றிப் படிந்த வேண்டாத ஓரமும் சேர்ந்தே வந்திருக்கும்.

முதல் நாள் கத்தியைத் தொடாதீர்கள். முன்கை, புஜம், தொடை, கெண்டைக்கால் ஆகிய நான்கும் பக்கத்துக்கு இரண்டு பாதிகளாக, மொத்தம் 16 துண்டுகள் இருக்க வேண்டும். மார்பு, முதுகு, வயிறு, இடுப்பின் பின்புறம், பிட்டம், இரண்டு தோள் மூடிகள், கைமேல் தகடுகள், இடது முழங்காலில் மட்டும் வரும் தகடு, பெல்ட், அதில் தொங்கும் சிறு பெட்டிகள், தலைக்கவசப் பாகங்கள் ஆகியவை தனி. எண்ணிச் சரிபார்த்து, உட்புறத்தில் பென்சிலால் ‘இட’, ‘வல’ என்று எழுதிவையுங்கள். கெண்டைக்கால் பாதிகளை இடம் மாற்றி ஒட்டிவிட்டு, கணுக்காலில் ஏன் இடிக்கிறது என்று தேடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. எழுதியதை நம்பிவிடாமல் மாஸ்கிங் டேப்பால் சேர்த்துக் காலில் மாட்டிப் பாருங்கள். உள்ளே போடும் கறுப்பு உடையும் பூட்ஸும் அணிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும்.

வேலையை முன்கையில் தொடங்குங்கள். நான்கே துண்டுகள், வளைவு குறைவு, தப்பு நேர்ந்தாலும் மற்றவர் கண்ணில் படாது. பிறகு புஜம், கெண்டைக்கால், தொடை, உடற்பகுதி. தலைக்கவசம் கடைசி. ஆசையில் அதை முதலில் எடுப்பவர்கள், வெட்டப் பழகாத கையோடு கிட்டிலேயே கடினமான துண்டை வெட்டுகிறார்கள்.

சாதாரண கத்தரிக்கோலால் வெட்டினேன். ஓரத்தில் வெள்ளைக் கீறலும் ஒரு இடத்தில் விரிசலும் வந்துவிட்டது. என்ன தவறு? – திருச்சி வாசகி

கத்தரியை முனை வரை மூடியிருப்பீர்கள். இரண்டு அலகும் முழுதாகச் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் நசுங்குகிறது. அந்த வெண்மை நசுங்கியதன் அடையாளம், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முக்கால் பங்கு மூடி, முன்னே நகர்த்தி, மறுபடி வெட்டுங்கள். ரிமோட் கார்களின் மேல்கூட்டை வெட்டுவதற்கென்றே வளைந்த குட்டை அலகுள்ள கத்தரி இருக்கிறது. வளைவுகளுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

நேர்கோட்டுக்குக் கத்தரியே தேவையில்லை. எஃகு ஸ்கேல் வைத்துக் கட்டர் பிளேடால் மூன்று நான்கு முறை அழுத்தாமல் கோடு போட்டு, இரண்டு பக்கமும் மடக்கினால் அந்தக் கோட்டிலேயே ‘டக்’கென்று ஒடியும். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் பிளேடு வழுக்கி வளைவில் ஏறும், அல்லது விரலில்.

சுழல் கருவி (வேகமாகச் சுழலும் முனையால் வெட்டும் சிறு மின்கருவி) வைத்திருப்பவர்கள் வேகத்தைக் குறையுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய தடத்திலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். தூளை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போடுங்கள். எந்த முறையானாலும் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டி, மீதியை 120, 220, 400 எண் உப்புத்தாளில் தேய்த்து இறக்குங்கள். உள்மூலைகளைக் கூராக வெட்டவே கூடாது. முதலில் மூலையில் வட்டத் துளை போட்டு, அதுவரை வெட்டுங்கள்.

விழுந்த விரிசலின் நுனியில் 2 மி.மீ. துளை போடுங்கள், மேலே ஓடாது. உட்புறம் வெட்டுத்துண்டு ஒன்றைப் பட்டையாக ஒட்டுங்கள். வெட்டுத்துண்டுகளை வீசிவிடவில்லையே? கடைசி நாள் வரை தேவைப்படும்.

முன்கைக் கவசம் தொளதொள என்று சுற்றுகிறது. இரண்டு பாதிகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டிவிடலாமா? – சென்னை வாசகர்

ஏற்றி ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் விளிம்பு படியாகத் தெரியும். பின்னால் அளவைத் திருத்தவும் முடியாது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மேலேயும் உள்ளேயும் பட்டை ஒட்டுவதே நல்லது. படத்துக்குச் செய்த கவசங்களிலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மேலே பட்டைதான். வழக்கமான பட்டை அகலம் கைகளுக்கு 15 மி.மீ., கால்களின் முன்புறம் 20 மி.மீ., பின்புறம் 25 மி.மீ.

கையின் முன்புறம் நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். பட்டை அந்த மேட்டின் மேல் உட்கார வேண்டும். எனவே ஒவ்வொரு பாதியிலும் மேட்டை 7.5 மி.மீ. மட்டும் விட்டு வெட்டினால் இரண்டும் சேர்ந்து 15 வரும். காலுக்குப் பாதிக்கு 10 மி.மீ. முன்புறக் கணக்கு அத்தோடு முடிந்தது. இனி அளவைக் குறைப்பதெல்லாம் பின்புறத்தில்.

எடுத்துக்காட்டாக, முன்புறத்தை வெட்டியபின் டேப் போட்டு மாட்டிப் பார்க்கையில் முழங்கைப் பக்கச் சுற்றளவு 33 செ.மீ. இருக்கிறது, உங்கள் கையின் சுற்றளவு 27 செ.மீ. என்று கொள்வோம். அசைவுக்கு 3 செ.மீ. விட்டால் 30 போதும். குறைக்க வேண்டிய 3 செ.மீ.யை இரண்டு பாதிக்கும் பங்கிட்டு, பின்னோரத்தில் ஆளுக்கு 1.5 செ.மீ. எடுங்கள். ஒரே பாதியில் எடுத்தால் பின் இணைப்பு பக்கவாட்டில் போய்விடும். மணிக்கட்டுப் பக்கம் இதே அளவு எடுக்கக் கூடாது, கை நுழையாது. அங்கே தனியாக அளந்து, இரண்டு புள்ளிகளையும் சாய்கோட்டால் இணையுங்கள். ஒரேயடியாக 1.5 செ.மீ. வெட்டாமல் முதலில் 1 செ.மீ. எடுத்துவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். வெட்டியதைத் திரும்ப வளர்க்க முடியாது.

மணிக்கட்டில் உள்ளே மடிந்திருக்கும் விளிம்பை நீக்கிவிடலாம். இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும்.

ஃபெவிக்விக் போட்டால் நொடியில் ஒட்டுகிறது. பிறகு ஏன் எல்லோரும் 24 மணி நேரம் காக்க வைக்கும் பசையைச் சொல்கிறீர்கள்? – மதுரை வாசகர்

நொடியில் ஒட்டுவதுதான் அதன் குறை. கோணலாக உட்கார்ந்தால் கோணல்தான். அந்த இணைப்பு கண்ணாடி மாதிரி விறைப்பானது, நடக்கும்போது கவசம் வளைகிற ஒவ்வொரு முறையும் உடையப் பார்க்கும். ஆவி படிந்து வெள்ளைப் பூப்பும் வரும்.

இந்த வேலைக்குப் பெயர்பெற்ற பசை இ6000. இறுகிய பிறகும் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். தவறாக ஒட்டியதை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, உருட்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக் கேடில்லாமல் மறுபடி ஒட்டலாம். புதியவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. முழு உறுதிக்கு 24 முதல் 72 மணி நேரம் ஆகும். மூடிய அறையில் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ஆவி கெடுதலானது, தலைவலி வந்தால் ஏற்கெனவே தாமதம்.

ஒட்டும் இரண்டு பரப்பையும் 120 எண் தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பசையை மெல்லிதாகத் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு அழுத்துங்கள். இணைப்பின் நீளத்துக்கு இருபுறமும் நியோடிமியம் காந்தங்களை ஜோடியாக, 4 செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால் கிளாம்ப் எட்டாத இடத்திலும் பிடிக்கும். காந்தத்துக்கு டேப் சுற்றுங்கள். அது பாய்ந்து ஒட்டும்போது விளிம்பு உடைந்து பிளாஸ்டிக்கைக் கீறும். வெளியே பிதுங்கிய பசையை அப்போதே துடைக்காதீர்கள், இழுவி விடும். காய்ந்ததும் விரலால் உருட்டினால் வந்துவிடும்.

இன்னொன்று: பாதிகளை அழுத்திப் பிடித்தால்தான் சேர்கின்றன என்றால் எந்தப் பசையும் நிற்காது. அந்த இழுவிசை இரவும் பகலும் இணைப்பைப் பிரிக்கப் பார்க்கும். முதலில் துண்டின் வடிவத்தை மாற்ற வேண்டும். அகலப் பாத்திரத்தில், கொதி அடங்கிய வெந்நீரில் ஓரத்தை 20–30 விநாடி முக்கி, தடித்த கையுறையோடு வேண்டிய வளைவுக்குப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். போதவில்லையா, மறுபடி செய்யுங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டாம். வெந்நீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஏபிஎஸ் தளரத் தொடங்குவதும் ஏறக்குறைய அங்கேதான். ஹீட் கன்னோ பல மடங்கு சூடு, கண் சிமிட்டுவதற்குள் தகடு தொய்ந்து மேடுபள்ளம் எல்லாம் மழுங்கிவிடும்.

எனக்கு இடுப்பு பெரிது. வயிற்றுத் துண்டுக்கும் பின் துண்டுக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி. வேறு கிட் வாங்க வேண்டுமா? – யாழ்ப்பாண வாசகர்

வேண்டாம். இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுத்துண்டில் ஒரு நீட்டிப்பு செய்து பின் துண்டின் ஓரத்தோடு சேர்த்து, உட்புறம் அகலப் பட்டை ஒட்டுங்கள். இணைப்புக் கோட்டை மறைக்க ஏபிஎஸ் கூழ்: துண்டுகளைப் பொடியாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டால் மறுநாள் தோசைமாவுப் பதத்தில் இருக்கும். அதே தகட்டில் செய்வதால் நிறம் பொருந்தும். மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். ஒரேயடியாக அப்பினால் உள்ளே அசிட்டோன் தங்கி அடித்தகட்டையே இளக்கிவிடும், காய்ந்தபின் பள்ளமும் விழும். இரண்டு நாள் கழித்துத் தேய்த்து மெருகேற்றுங்கள்.

நடக்க நடக்கத் தொடைக் கவசம் முட்டிக்கு இறங்கிவிடுகிறது. எலாஸ்டிக்கை இறுக்கியும் பயனில்லை. – சிங்கப்பூர் வாசகர்

எலாஸ்டிக்தான் குற்றவாளி. எடை தாங்கும் இடத்தில் நீளாத நைலான் பட்டை, உடம்பு மடங்கும் இடத்தில் மட்டும் எலாஸ்டிக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கவசத்துக்கு உள்ளே, இடுப்பெலும்பின் மேல், தனி நைலான் பெல்ட் ஒன்று கட்டி, தொடைக்கு இரண்டு பட்டைகளாக அதிலிருந்து தொங்கவிடுங்கள்: ஒன்று முன்னால், ஒன்று வெளிப்பக்கம். மார்பையும் வயிற்றையும், வயிற்றையும் பின் துண்டையும் இணைப்பவை எலாஸ்டிக்காக இருக்கலாம்.

இணைப்புக்கு டிச் பட்டன். தையல் போடும் சின்ன ரகம் வேண்டாம். பையிலும் பெல்ட்டிலும் வருகிற, அடித்துப் பொருத்தும் 15 மி.மீ. ரகம் வாங்குங்கள். 5 செ.மீ. நைலான் துண்டில் பட்டனை அடித்து, வெட்டிய ஓரங்களைத் தீக்குச்சியால் லேசாகக் கருக்கி, பிளாஸ்டிக்கின் உட்புறம் இ6000 தடவி ஒட்டுங்கள். கிளாம்ப் போடும்போது நடுவே பாலித்தீன் வையுங்கள், இல்லையென்றால் பசை ஊறிக் கிளாம்ப்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது பட்டனை நேராக இழுக்காமல் ஒரு ஓரத்திலிருந்து நெம்புங்கள். நேராக இழுத்தால் பட்டன் விடுவதற்கு முன் நைலான் துண்டு பெயர்ந்து கையோடு வரும்.

கெண்டைக்கால் கவசத்தின் பின்புறத்தை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள், பூட்ஸ் நுழையாது. 25 மி.மீ. பட்டையை ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, மறுபக்கம் வெல்க்ரோ வையுங்கள்.

தலைக்கவசம் போட்ட இரண்டாவது நிமிடமே கண் முன்னால் மூடுபனி. காது மூடியும் சரியாகப் படியவில்லை. – சென்னை வாசகி

மூச்சின் ஈரம் லென்ஸில் படிகிறது. பவர் பேங்கில் ஓடும் 5 வோல்ட் சிறு விசிறிகள் இரண்டு, கண்ணுக்கு ஒன்றாக, காற்று லென்ஸின் உட்பரப்பை உரசிப் போகும்படி வையுங்கள். நீச்சல் கண்ணாடிக்குத் தெளிக்கும் பனித்தடுப்பு திரவமும் உதவும். லென்ஸை வெல்டிங் முகக்கவசத்தின் பச்சைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டுகிறார்கள். கருமையின் அளவைக் குறிக்கும் ‘நிழல் எண்’ 3 ஆகப் பார்த்து வாங்குங்கள். ஆர்க் வெல்டிங்குக்கான 10, 11 வாங்கினால் மேடையில் படிக்கட்டே தெரியாது.

காது மூடிக்குப் பொறுமைதான் கருவி. தலைக்கவசத்தின் பக்கத்தில் உப்புத்தாளை, சொரசொரப்பு வெளியே தெரியும்படி டேப்பால் ஒட்டி, காது மூடியை அதன்மேல் உரசுங்கள். உட்கார வேண்டிய வளைவு தானாகவே கிடைக்கும். முகமும் பின் மூடியும் சரியாக அமர்ந்த பிறகே திருகுக்குத் துளை போடுங்கள்.

தலைக்கவசத்தின் வாயில் பல் போன்ற துளைகளை வெட்டும் முன் ஒரு முடிவு வேண்டும். 1977-இல் வந்த முதல் படத்திலேயே இரண்டு வகைத் தலைக்கவசங்கள் உண்டு. ‘ஸ்டண்ட்’ வகைக்குத் தட்டையான லென்ஸ், வாயில் பக்கத்துக்கு மூன்று பல் துளை. ‘ஹீரோ’ வகைக்குப் புடைத்த லென்ஸ், பக்கத்துக்கு நான்கு.

முழுக்க வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டுமா? – சேலம் வாசகர்

வெள்ளை ஏபிஎஸ்ஸுக்குத் தேவையே இல்லை. அடித்தால் பெல்ட் உரசும் இடமெல்லாம் உதிரும். தலைக்கவசத்தின் சாம்பல், நீலம், கறுப்புக் குறிகளுக்கு மட்டும் எனாமல். ஹம்ப்ரால் என்ற நிறுவனத்தின் பெயின்ட் வரிசையில் 5, 14, 21 ஆகிய எண்களைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். கோடு தாண்டினால் காய்வதற்குள் டர்பன்டைனில் நனைத்த பல்குச்சியால் துடையுங்கள். பெயின்ட் கடையில் ‘தின்னர்’ என்று கொடுப்பதைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், ஏபிஎஸ் கரையும்.

501-வது லீஜனில் சேர ஆசை. வயது 16. – ஈரோடு வாசகர்

18 ஆக வேண்டும். ஆல்பின் ஜான்சன் 1997-இல் தொடங்கிய அந்த ரசிகர் அமைப்பு, கவசத்தைப் புகைப்படங்களில் துண்டு துண்டாகப் பார்த்துத்தான் அனுமதிக்கும். எனவே வாங்கும் முன் அவர்களின் விவரப் பட்டியலைப் படித்துவிடுங்கள். இரண்டு ஆண்டில் நீங்கள் இன்னும் வளரலாம். முன்கையை வேண்டுமானால் இப்போதே பழகுங்கள், கெண்டைக்காலை வெட்டாதீர்கள்.

நிகழ்ச்சிக்குக் கவசத்தோடு காரில் போய் இறங்கலாமா? – புதுச்சேரி வாசகர்

உட்காரவே முடியாது. தொடை மேலேறி வயிற்றுத் தகட்டில் இடிக்கும், பிட்டத் தகடு மடங்கும். சக்கரம் வைத்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் பழைய துண்டு சுற்றி எடுத்துப்போய் அங்கே மாட்டுங்கள். மாட்டிவிட கூட ஒருவர் வேண்டும், 20 நிமிடமாவது ஆகும். திரும்பும் வழியில் சாப்பிட நிறுத்தினால் பெட்டியை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.