வேலிக்கு வெளியே பிழைத்த காண்டாமிருகம்

கேள்வி: நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தேன். யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் பார்த்தோம். ஒரு குடிசைகூடக் கண்ணில் படவில்லை. மனிதர் இல்லாத பாலை என்பதால்தானே அங்கே விலங்குகள் பிழைத்திருக்கின்றன? காட்டில் வாழ்பவர்களை எல்லா நாடுகளும் வெளியேற்றிவிட்டால் என்ன?
- ஒரு வாசகர், கோவை

பதில்: குடிசை தென்படாததற்குக் காரணம், அங்கே குடியிருந்த ஹைஓம் சான் மக்களை 1954-இல் வெளியேற்றிவிட்டார்கள். நீங்கள் வண்டியை நிறுத்தி யானை பார்த்த நீர்நிலைகளின் பக்கம்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஜெர்மானிய காலனி அரசு 1907-இல் அதைக் காப்பகமாக அறிவித்த பிறகும் அங்கேயே இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியின் யானைகளை ஒழித்தது தந்தத்துக்காகத் துப்பாக்கியோடு வந்த வெளியாட்கள். பழி மட்டும் வில்லும் அம்பும் வைத்திருந்தவர்கள்மேல் விழுந்தது. நிலவுரிமை கேட்டு ஹைஓம் மக்கள் தொடுத்த வழக்கும் தள்ளுபடியாகிவிட்டது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்து, வடமேற்கே குனேனே வட்டாரத்தைப் பாருங்கள். ஹிம்பா, ஹெரேரோ, டமாரா மக்கள் ஆடு மாடு மேய்க்கும் வறண்ட பூமி. 1980-களின் தொடக்கத்தில் கொடும் பஞ்சமும் கள்ளவேட்டையும் சேர்ந்து காண்டாமிருகத்தையும் யானையையும் அழிவின் விளிம்புக்குத் தள்ளின. கார்த் ஓவன்-ஸ்மித் என்ற இயற்கைக் காவலர் ஊர்த்தலைவர்களிடம் போய்ப் பேசினார். தலைவர்கள் தங்கள் ஆட்களையே காவலுக்கு நியமித்தார்கள். அவர்களிடம் ஆயுதம் இல்லை. கூலி, உணவுப்பொருளும் கொஞ்சம் காசும். ஆனால் தடம் பார்க்கத் தெரிந்தவர்கள். எந்த அந்நியன் எந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்தான் என்ற செய்தி அவர்களுக்கு வந்துவிடும். கள்ளவேட்டை அடங்கியது.

காலனிக் காலத்தில் தம் நிலத்து வேட்டை விலங்குகள்மீது வெள்ளைப் பண்ணையார்களுக்கு மட்டும் உரிமை இருந்தது. சுதந்திர நமீபியா 1996-இல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலத்தில் வாழும் மக்களுக்கும் அதை நீட்டித்தது. 1998-இல் முதல் 4 கன்சர்வன்சிகள், அதாவது ஊர்மக்களே வனவிலங்குகளை நிர்வகிக்கும் பகுதிகள், பதிவாயின. இன்று 80-க்கு மேல். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தேசியப் பூங்காக்களுக்கு வெளியே தன்னிச்சையாகத் திரியும் கறுப்புக் காண்டாமிருகங்களின் மிகப்பெரிய கூட்டம் இருப்பது ஆள் நடமாட்டமுள்ள அந்த வடமேற்கில்தான்.

அங்கே துன்பம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிங்கம் மாட்டை அடிக்கிறது, யானை தண்ணீர்த் தொட்டியை உடைக்கிறது, கிடைக்கும் ஈட்டுத்தொகை மாட்டின் விலைக்குக் காணாது. 2020-இல் பெருந்தொற்று சுற்றுலாவை முடக்கியபோது காவலர் சம்பளத்துக்கே திண்டாட்டம். பணம் கட்டி வேட்டையாட வரும் வெளிநாட்டவரிடமிருந்தும் வருமானம் வருகிறது. எனக்கு அது உவப்பில்லை. ஆனால் இரவில் சிங்கத்துக்குப் பயந்து பட்டியைக் காப்பவர் எடுக்க வேண்டிய முடிவு அது.

அடுத்த முறை போனால் டோர்ரா போன்ற கன்சர்வன்சியில் தங்குங்கள். நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு அந்த ஊர்க்காரர்களுக்குப் போகும். விலங்குகளின் தடத்தைக் காட்டவும் அவர்களே வருவார்கள்.